இரு புதல்வர்கள்

ஏப்ரல் 29

விடைத்தாள் திருத்தும் வேலை இன்றோடு முடிந்தது. இனி பள்ளி திறக்கும்வரை வீடுதான்.

அப்பாவுக்கு ஜூன் 4 சதாபிஷேகம். அம்பத்தூரிலேயே மண்டபம் பேசியாகிவிட்டது. வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் எவர்சில்வர் கிண்ணம் போடலாம் என்கிறாள் அம்மா. கிண்ணம் யார் வீட்டில் இல்லை? எனக்கு வேறொரு யோசனை. குடியாத்தத்தில் அப்பா பிறந்து வளர்ந்த வீட்டைப் பற்றிச் சின்னதாக ஒரு புத்தகம். அதை யார் கட்டினார்கள், யாரிடமிருந்து தாத்தா வாங்கினார், நம்மிடமிருந்து யாருக்குப் போனது, இன்று யார் இருக்கிறார்கள் என்று படங்களோடு பன்னிரண்டு பக்கம். வணிகவியல் டீச்சருக்குப் பத்திரம் படிக்கத் தெரியாதா?

அப்பாவிடம் சொன்னேன். "அந்த வீட்டைப் பத்தி எழுத இன்னா இருக்குது?" என்று டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார். தன்னைப் பற்றி எழுதுவதென்றால் அவருக்கு எப்போதும் கூச்சம்.

மே 2

வில்லங்கச் சான்று ஆன்லைனில் 1975-க்குப் பிறகுதான் கிடைக்கிறது. வீட்டை விற்றது அதற்கு முன்பு. நேரில்தான் போகவேண்டும். என் மகள் பூங்குழலி தானும் வருகிறேன் என்றாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

மே 6

காலையில் கிளம்பி வேலூரில் பஸ் மாறி குடியாத்தம் போய்ச் சேர்ந்தேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திரத்தின் நகலுக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டு, தெருப் பெயரைக் கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். அப்பா சொல்லியிருந்த அதே பெரிய கதவு. இப்போது பச்சை பெயின்ட். வாசலில் இரண்டு ஸ்கூட்டர்.

கதவைத் திறந்தவர் கமருன்னிசா என்ற அம்மாள். எழுபதைத் தாண்டியிருப்பார். சாமிநாத முதலியாரின் பேத்தி நான், பெயர் புனிதவதி, ஏகாம்பரத்தின் ஒரே மகள், வீட்டைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்றேன். உள்ளே அழைத்து உட்காரவைத்தார். நானும் சந்தோஷத்தில் அப்பாவின் விழாவைச் சொல்லி, நீங்களும் அவசியம் வரவேண்டும் என்று அவருடைய போனுக்கே பத்திரிகையை அனுப்பினேன். பத்திரிகையைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"குமுதாம்மா சொல்லி அனுப்பிச்சாங்களா? அவங்க உடம்பு எப்பிடி இருக்கு?"

"எந்த குமுதாம்மா?"

"உங்க அத்தைம்மா. உங்க அப்பாவோட அக்கா."

எனக்கு அத்தை கிடையாது என்றேன். அப்பாவுக்கு ஓர் அண்ணன் மட்டும்தான், நாகபூஷணம் பெரியப்பா, அவர் இறந்து பல வருடமாகிறது என்றேன். கமருன்னிசா எழுந்துபோய் மின்விசிறியைக் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதுசு. கங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்னிக்கி, ஊரெல்லாம் கூட்டம். ஒரு பொம்பளை நேரா உள்ள வந்து முத்தத்துல நின்னுகினு எங்க மாமியாரைப் பார்த்து, ‘நீங்க யாரு? எங்க வீட்ல இன்னா பண்றீங்க?’ன்னு கேட்டாங்க. நாங்க விலைக்கு வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சும்மான்னாங்க மாமியார். பேரைக் கேட்டாங்க. குமுதவல்லின்னதும் எங்க மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. பத்திரத்துல செத்துப்போயிட்டதா எழுதியிருக்கிற பொண்ணு முத்தத்துல நிக்குது."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? சிரசு நாளு. அவங்க கவுச்சி சாப்பிடமாட்டாங்க. தயிர்சோறு போட்டாங்க. அதுலேருந்து வருசா வருசம் சிரசுக்கு வருவாங்க. முத்தத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போவாங்க. இப்ப முட்டி வலி. நாங்கதான் போய்ப் பார்த்துட்டு வரோம்."

எங்கே என்று கேட்டேன். பள்ளிகொண்டா பக்கம் ஒரு காலனியின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரைச் சொன்னால் இந்த மாவட்டத்தில் யாரும் அடுத்த கேள்வி கேட்கமாட்டார்கள். தொழுநோய் வந்தவர்களுக்காக அந்தக் காலத்தில் கட்டிய காலனி.

வீட்டைப் படம் எடுத்தேன். முற்றம், தூண்கள், பின்கட்டு. நன்றாக வந்திருக்கின்றன.

மே 7

அப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை. அம்மாவோடு மாடியில் வடகம் பிழிந்தேன்.

மே 9

கேட்டேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். "அப்பா, உங்களுக்கு ஒரு அக்கா இருந்தாங்களா?"

பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "இருந்துது. அம்மை போட்டு செத்துப்போச்சு. நான் சின்னப் பையன்" என்றார்.

கமருன்னிசா வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசியிருக்கலாம். வயதானவர். ஒரே பெயரில் எத்தனையோ பேர். இன்று முழுக்க இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைக்க வசதியாக இருந்தது.

மே 12

இரண்டாம் முறையாகக் குடியாத்தம். நகல் கிடைத்தது. 1972-இல் எழுதிய கிரயப் பத்திரம். விற்றவர்கள் நாகபூஷணம், ஏகாம்பரம். பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். "எங்கள் சகோதரி குமுதவல்லி என்பவர் விவாகமாகாமலும் சந்ததியின்றியும் ஆறு வருஷங்களுக்கு முன் காலமாகிவிட்டபடியால், மேற்படி வீட்டில் எங்கள் இருவரைத் தவிர வேறு வாரிசு யாருமில்லை." கீழே அப்பாவின் கையெழுத்து. என் பள்ளி ரேங்க் கார்டுகளில் எல்லாம் இருக்குமே, அதே கையெழுத்து.

ஆறு வருஷங்களுக்கு முன் என்றால் அப்பாவுக்கு அப்போது இருபத்து நாலு வயது. சின்னப் பையன் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கடைக்குப் போகும்வரை காத்திருந்து, நகலை அப்பாவின் மடியில் வைத்தேன். கண்ணாடி போடாமலே அது என்னவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வக்கீல் குமாஸ்தா எழுதினது" என்றார்.

"சொன்னது யாரு?"

"அண்ணன் சொன்னாரு."

"நீங்க?"

"நான் கையெழுத்துப் போட்டேன்."

பிறகு அவரே பேசினார். பத்தொன்பது வயதில் அக்காவுக்குக் கையில் தேமல் வந்தது. தாத்தாதான் வண்டி கட்டிக் கொண்டுபோய் அந்தக் காலனியில் விட்டுவிட்டு வந்தார். தெருவில் கேட்டவர்களிடம் மாமா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். கொஞ்ச நாளில் அங்கேயே இறந்துவிட்டாள் என்றார்கள். தாத்தாவின் கைலி வியாபாரம் இரண்டு மகன்களுக்கும் வந்தது, பெண் பார்க்கத் தொடங்கினார்கள்.

"உங்கம்மா வீட்ல தெரிஞ்சிருந்தா பொண்ணு குடுத்திருப்பாங்களா? நீ பொறந்திருப்பியா? இப்ப நம்ம பூங்குழலிக்குப் பேசிகினு இருக்கோம். காஞ்சிபுரத்துல நல்ல இடம். யோசிச்சுப் பாரும்மா. உங்கம்மாவுக்குத் தெரியவேணாம்."

நான் யோசித்துப் பார்த்தேன். யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

மே 17

துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பள்ளிகொண்டா போனேன். ஆட்டோக்காரர் காலனி வாசலிலேயே இறக்கிவிட்டார். ஓட்டு வீடுகள் வரிசையாக, பெருக்கிக் கோலம் போட்டு, எங்கள் தெருவைவிடச் சுத்தமாக இருந்தன.

அத்தையைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் நெற்றி, அப்பாவின் காது. வலது கையில் விரல்கள் பாதியோடு நின்றிருந்தன. அந்தக் கையால்தான் தாளைப் பிடித்திருந்தார்.

"நான் ஏகாம்பரத்தோட பொண்ணு" என்றேன்.

கண்ணை இடுக்கி வெகுநேரம் பார்த்தார். "மூக்கு எங்கம்மா மூக்கு" என்றார். "உக்காரு. பேரு இன்னா?"

சொன்னேன். உள்ளே போய் ஒரு டம்ளரில் எலுமிச்சை சர்பத் கலந்து எடுத்துவந்தார். நான், இப்போதுதான் பஸ் ஸ்டாண்டில் காபி குடித்தேன் என்றேன். அவர் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எடுத்துக்கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு வந்தார்.

"பாட்டில்ல தண்ணி வெச்சிருக்கியா? இந்த வெயில்ல தண்ணி குடிக்காம இருக்காத."

என் பையிலிருந்த பாட்டிலை எடுத்து அவர் எதிரிலேயே குடித்தேன். நிஜமாகவே தாகம்.

ஒவ்வொரு ஜனவரியும் பள்ளியில் தொழுநோய் விழிப்புணர்வு உறுதிமொழியை மைக்கில் வாசிப்பது நான்தான். இது பரம்பரை நோய் அல்ல, குணமானவரிடமிருந்து பரவாது, அவர்களை ஒதுக்கமாட்டேன். பிள்ளைகள் திருப்பிச் சொல்லும்.

அத்தை சாவகாசமாகப் பேசினார். பத்து வருடத்தில் குணமாகிவிட்டதாம். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். தாத்தா இறந்த பிறகு ஒருநாள் பையோடு குடியாத்தம் போயிருக்கிறார்.

"நாகபூஷணம் வெளிய வரல. ஏகாம்பரம்தான் வந்தான். ‘எனக்குக் கல்யாணம் பேசிகினு இருக்காங்கக்கா. அது முடியட்டும், நானே வந்து கூட்டினு போறேன்’னான். நியாயம்தானேன்னு திரும்பி வந்துட்டேன். இங்க பால்வாடியில பசங்களுக்குப் பாட்டு சொல்லிக் குடுக்கிற வேலை குடுத்தாங்க. அதுல நாள் போச்சு. சரி, அவன் வரல, நாம சிரசுக்குப் போய் எட்டிப் பார்ப்போம்னு போனா, வீட்ல வேற ஆளு."

சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை.

"வீட்டை ஏம்மா வித்தாங்க? உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

நகல் என் கைப்பையில் இருந்தது. "கடன்னு சொல்வாங்க அத்தை. எனக்குச் சரியாத் தெரியாது."

"கடனா" என்றார். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பேனே. நான் இன்னா மாட்டேன்னா சொல்லப் போறேன்?"

அப்பாவுக்கு என்ன வயது என்று கேட்டுத் தானே கணக்குப் போட்டார். "ஆயிரம் பிறை வந்துடுச்சே அவனுக்கு! செய்யறீங்களா?" வீட்டோடு சின்னதாகச் செய்கிறோம் அத்தை, யாரையும் கூப்பிடவில்லை என்றேன். நானூறு பேருக்குச் சாப்பாடு சொல்லியிருக்கிறது.

மே 18

துணி எங்கே என்று அம்மா கேட்டாள். பிடித்த நிறம் கிடைக்கவில்லை என்றேன்.

மே 21

புத்தகம் அச்சகத்துக்குப் போய்விட்டது. நான்காம் பக்கத்தில் குடும்பம். "சாமிநாத முதலியாருக்கு நாகபூஷணம், ஏகாம்பரம் என இரு புதல்வர்கள்." இதில் பொய் ஒன்றும் இல்லை. புதல்வர்கள் இரண்டு பேர்தான்.

அச்சகத்துக்காரர் அந்தப் பக்கத்தில் இன்னும் இரண்டு வரிக்கு இடமிருக்கிறது, ஏதாவது சேர்க்கிறீர்களா என்று கேட்டார். சின்னதாக ஒரு குத்துவிளக்குப் படம் போடச் சொன்னேன்.

மே 24

மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வசுமதி கலகலப்பானவர். கேசரியைக் கேட்டு வாங்கி இன்னொரு கரண்டி சாப்பிட்டார். பேச்சோடு பேச்சாக, "எங்க பக்கம் சுகர்கூடக் கிடையாதுங்க. உங்க சைடுல எப்படி?" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். "எங்க பக்கமும் ஒண்ணும் கிடையாதுங்க" என்றேன். ஆவணியில் நிச்சயதார்த்தம். பூங்குழலி முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

அவர்கள் போனபிறகு அப்பா என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போனார். அந்தத் தோளை அங்கேயே கழற்றி வைத்துவிடலாம் போலிருந்தது.

ஜூன் 1

பூக்காரர், சமையல்காரர், மணவறை, ஐயருக்கு வேஷ்டி. கால் வீங்கியிருக்கிறது.

ஜூன் 4

எழுதித்தான் தீரவேண்டும்.

விழா நன்றாக நடந்தது. எல்லோரும் சொன்னார்கள். ஹோமம் முடிந்து, அப்பாவையும் அம்மாவையும் மணையில் உட்காரவைத்து, ஐயர் முதல் கலசத்தை ஊற்றியாகிவிட்டது. அடுத்து ஊற்றுவதற்கு உறவுக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். அப்போதுதான் கமருன்னிசா உள்ளே வருவதைப் பார்த்தேன். மகனோடு காரில் வந்திருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அரக்கு நிறப் புடவையில் குமுதவல்லி அத்தை. வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தார்.

அத்தையிடம் நான் சொன்னது வீட்டோடு சின்ன விசேஷம் என்று. கமருன்னிசாவிடம் நான் அனுப்பியது மண்டபத்தின் பெயர் போட்ட பத்திரிகை. இரண்டையும் அவர்கள் சேர்த்து வைத்துப் பார்த்திருப்பார்கள். அத்தை அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஒரு எட்டு பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

ஐயர் மைக்கில், "ஐயாவைவிட வயசுல பெரியவங்க யாராவது இருக்கீங்களா? மூத்தவங்க முதல்ல வந்து ஊத்தணும்" என்றார்.

கூட்டம் சுற்றுமுற்றும் பார்த்தது. அத்தை முந்தானையிலிருந்து கையை எடுத்துவிட்டு ஓர் அடி முன்னால் வைத்தார். மணையில் உட்கார்ந்திருந்த அப்பா நிமிர்ந்தார். பார்த்துவிட்டார். ஈர வேஷ்டியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது. முன் வரிசையில் வசுமதியும் அவர் வீட்டுக்காரரும்.

நான் போய் அத்தையின் முழங்கையைப் பிடித்தேன். "தரையெல்லாம் ஈரம் அத்தை, வழுக்கும். முதல் பந்தி ஆரம்பிச்சுட்டாங்க. வாங்க, சாப்பிடலாம்."

விழுந்துவிடுவாரோ என்ற பயம்தான். எண்பத்தைந்து வயது. முட்டி வலி வேறு.

அத்தை என் முகத்தைப் பார்த்தார். எல்லாவற்றையும் படித்துவிட்ட மாதிரி. "ஆமாமா, ஈரமாத்தான் இருக்கு" என்று கையை மறுபடியும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். பின்னால் யாரோ என்னிடம், "யாருங்க இந்தம்மா?" என்று கேட்டார்கள். "தெரிஞ்சவங்க" என்றேன். அத்தைக்குக் கேட்டிருக்கும். காது நன்றாகக் கேட்கிறது அவருக்கு.

பந்தியில் கமருன்னிசாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு மேடைக்கு ஓடிவந்துவிட்டேன். ஐயர் வேறு யாரும் இல்லையென்று மாமா முறையுள்ள ஒருவரைக் கூப்பிட்டு ஆரம்பித்துவிட்டிருந்தார்.

அவர்கள் கிளம்பும்போது பூங்குழலி தாம்பூலப் பையைக் கொடுத்து, யாரென்று தெரியாமலே காலைத் தொட்டுக் கும்பிட்டாளாம். நான் வாசலுக்குப் போனபோது அத்தை காரில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான்காம் பக்கத்தைத் தாண்டியிருந்தார்.

"நல்லா எழுதியிருக்க. தூண் மட்டும் தப்பு. நாலுன்னு போட்டிருக்க. ஆறு. ரெண்டை அப்புறம் எடுத்துட்டாங்க."

கமருன்னிசா என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூன் 5

அப்பா நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. களைப்பு என்கிறாள் அம்மா.

ஜூன் 8

மதியம் வசுமதி போன் செய்தார். நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு தேதி சொன்னார். விழாவைப் புகழ்ந்தார். பிறகு, "ஆமா, பந்தியில ஒரு பெரியம்மா பக்கத்துல போய் உக்காந்தேன். என்ன ஒரு தன்மையான பேச்சுங்க! உங்கப்பா சின்ன வயசுல பண்ணின சேட்டையெல்லாம் சொல்லி ஒரே சிரிப்பு. நீங்க யாரும்மான்னு கேட்டேன். குடியாத்தத்துல உங்க வீட்டுல வேலை செஞ்சவங்களாமே. இத்தனை வருஷம் கழிச்சும் ஞாபகமா கூப்பிட்டிருக்கீங்க பாருங்க, அதுக்கே பெரிய மனசு வேணும்" என்றார்.

நான் சமையலறையில் நின்றிருந்தேன். வாணலியில் கடுகு கருகியது. அடுப்பை அணைத்தேன்.

"அவங்க வேலைக்காரங்க இல்லைங்க" என்றேன். "எங்கப்பாவோட கூடப்பொறந்த அக்கா. எனக்கு அத்தை."

"அப்படியா? அப்புறம் ஏன் அப்படிச் சொன்னாங்க?"

"நான் அவங்களை யாருன்னு சொல்லாததால. அவங்களுக்குச் சின்ன வயசுல தொழுநோய் வந்துச்சு. குணமாகி அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. எங்க வீட்டுல திரும்பச் சேர்த்துக்கல. செத்துட்டாங்கன்னு எழுதி வீட்டை வித்துட்டாங்க. எனக்குப் போன மாசம்தான் தெரியும். தெரிஞ்சும் உங்ககிட்ட ஒண்ணும் இல்லைன்னேன். புத்தகத்துலயும் போடல. மேடைக்கும் விடல."

"வீட்ல பேசிட்டுச் சொல்றேங்க" என்று வைத்துவிட்டார்.

கூடத்தில் அப்பா நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார். "பொண்ணு வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டியே" என்றார். அவருக்குப் பின்னால் கையில் துவைத்த துணியோடு அம்மா.

ஜூன் 9

அம்மா அப்பாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எனக்கு ஒரு நாத்தனார் இருக்காங்களா?" அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், பேசவில்லை.

பூங்குழலி வேலை முடிந்து வந்ததும் அவளிடமும் சொன்னேன். கல்யாணம் நின்றுபோனால் என்று ஆரம்பித்தேன். அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "அன்னிக்கி என் கன்னத்தைத் தொட்டு, நல்லா இருன்னாங்கம்மா. யாருன்னு என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. நீ டீச்சர்தானே?" என்று சொல்லிவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாயங்காலம் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அக்கா அன்னிக்கி சாப்ட்டாளா?" என்றார்.

"சாப்பிட்டாங்க."

"நல்லா சாப்ட்டாளா? இன்னா கேட்டு வாங்கினா?"

எனக்குத் தெரியவில்லை. இலை போடும்வரைகூட நான் அங்கே நிற்கவில்லை. அதைச் சொன்னேன். அப்பா தலையாட்டினார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவருக்கும் என்னைத் திட்ட வாய் இல்லை.

"நாளன்னிக்கி கார் சொல்லு" என்றார்.

ஜூன் 11

நால்வரும் போனோம். நேற்று வசுமதி கூப்பிட்டு, "பையனும் பொண்ணும் முதல்ல தனியாப் பேசட்டுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார். பிடிகொடுக்காத குரல். பூங்குழலி சரி என்றாள்.

அத்தை வாசலில் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அப்பா காரிலிருந்து இறங்கி நான்கு வீடு தாண்டி நடக்க வெகுநேரமாயிற்று. முன்னால் போய் நின்று, "அக்கா" என்றார்.

அத்தை கீரையைக் கீழே வைத்தார். "நிக்காத. உக்காரு."

அம்மா குனிந்து அவர் காலைத் தொட்டாள். "எனக்குத் தெரியாது அண்ணி" என்று அழுதாள். அத்தை அவள் தலையில் அந்த வலது கையை வைத்து, "உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

நான் கைப்பையிலிருந்து நகலை எடுத்தேன். "அத்தை, நான் கடன்னு சொன்னது பொய். இதுல உங்களை..."

"தெரியும்மா. செத்துட்டேன்னு எழுதியிருக்கு. கமரு மாமியார் சாகறதுக்கு முன்ன என்னைக் கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. மனசு கேக்கலன்னு."

"அப்ப என்கிட்ட ஏன் வித்தாங்கன்னு கேட்டீங்களே?"

"நீ இன்னா சொல்றன்னு பார்த்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கீரைக் காம்பைக் கிள்ளியபடி சொன்னார். நான் தாளை மடித்தேன். மடித்ததை மறுபடி மடித்தேன். பூங்குழலி பக்கத்தில் நிற்கிறாள் என்பது தெரிந்தது, அவளைப் பார்க்க முடியவில்லை.

அப்பா அழுதுகொண்டிருந்தார். "மன்னிச்சிடுக்கா" என்றார்.

"அதெல்லாம் என்கிட்ட கேக்காத ஏகாம்பரம். சொன்னா பொய்யாப் பூடும். வந்துட்ட, உக்காரு."

உட்கார்ந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தரையில்தான் உட்கார்ந்தார். அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை.

காரையும் எங்களையும் கண்டு பக்கத்து வீட்டு வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். எதிர்வீட்டிலிருந்து ஒரு பெரியவர், "யாரு குமுதாம்மா, விருந்தாளிங்களா?" என்று சத்தமாகக் கேட்டார்.

அத்தையைப் பார்த்தேன். எங்களை எப்படிச் சொன்னாலும் தகும் என்றுதான் நின்றிருந்தேன். தெரிஞ்சவங்க என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"என் தம்பி" என்றார் அத்தை, தெருவுக்கே கேட்கும்படி. "கூடப்பொறந்தவன். அவன் பொண்சாதி. இது அவன் பொண்ணு, அது பேத்தி."